மௌனம் சம்மதமா?

தலைப்பைப் பார்த்து மம்முட்டி படத்துக்கு விமர்சனம்னு நினைச்சு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும். இது வேற சங்கதி. ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வரலை. ஒரு பக்கம் தீசிஸ், இன்னொரு பக்கம் ஒஸ்லோவோட நவம்பர். மூணரை மணிக்கே இருட்டிடுது, நாலு மணிக்குத் தூக்கம் வருது, எழுதணும்னு மட்டும் தோணவே மாட்டேங்குது. ஆனா போன வெள்ளிக்கிழமை கிச்சன்ல நடந்த ஒரு பேச்சு ஒரு வாரமா மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கு. எழுதிட்டா இறங்கிடும்னு ஒரு நம்பிக்கை.

நான் இருக்கிறது க்ரிங்ஷோ மாணவர் குடியிருப்புல. ஏழு பேருக்கு ஒரு கிச்சன். நார்வேக்காரங்களுக்கு வெள்ளிக்கிழமைன்னா டாக்கோ. நம்ம வீட்டுல வெள்ளிக்கிழமை கோயில் மாதிரி, இங்க டாக்கோ, தப்பவே தப்பாது. சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது சரியா எட்டு மணிக்குப் பக்கத்து ரூம் பொண்ணோட போன்ல அலாரம் அடிச்சது. ஒரு சின்ன டப்பாவுல இருந்து மாத்திரை எடுத்துப் போட்டு, தண்ணி குடிச்சிட்டு, மறுபடி டாக்கோவுக்கு வந்துட்டாள். ஒரு வருஷமா பார்க்கிறேன், இந்த எட்டு மணி அலாரத்தை. அன்னிக்குத்தான் வாய் சும்மா இருக்காம என்ன மாத்திரைன்னு கேட்டுட்டேன்.

"கிட்னி. அப்பாவோடது" என்றாள். "இந்த சைக்கிள் அப்பாவோடது"ங்கற மாதிரி.

(இந்த இடத்துல ஒரு கிளைக்கதை. அடுத்தவர் உறுப்பை உடம்பு எதிரின்னு நினைச்சுத் தாக்காம இருக்கத்தான் அந்த மாத்திரை. அந்த வகையில 1980-கள்ல மொத்த வைத்தியத்தையே மாத்திப் போட்ட மருந்து சைக்ளோஸ்போரின். அதைத் தர்ற பூஞ்சை, 1969-ல ஸ்விட்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பெனி ஆள் ஒருத்தர் விடுமுறைக்கு நார்வே வந்தப்ப ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்துல அள்ளிட்டுப் போன மண்ணுல இருந்து கிடைச்சது. ஒஸ்லோவுல இருந்து பெர்கன் போற ரயில் அந்த வழியாத்தான் போகுது. நானும் போயிருக்கேன். ஜன்னல்ல தெரிஞ்ச பனியை நாற்பது போட்டோ எடுத்தேன். மண்ணைப் பத்தி யோசிக்கவே இல்லை.)

அவள் அடுத்து கேட்டதுதான் விவகாரம். "உன்கிட்ட டோனார் கார்டு இருக்கா?"

நமக்குத்தான் எல்லாம் தெரியுமே. "உங்க ஊர்ல அது எதுக்கு? வேண்டாம்னு சொல்லாத வரைக்கும் சம்மதம்னு எடுத்துக்கிற சட்டம்தானே உங்களோடது?" என்று எப்பவோ படிச்சதை எடுத்து விட்டேன்.

சிரிச்சாள். "சட்டம் அப்படித்தான். ஆனாலும் கேட்பாங்க."

"செத்தவனையா?"

"உனக்கு நெருக்கமானவங்களை. உனக்கு யாரைக் கேட்கணும்?"

டாக்கோ கையிலயே இருந்தது. எனக்கு யாரை? அம்மா. திருச்சியில, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். அம்மாகிட்ட இந்த விஷயத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசினது கிடையாது. பேசாததுக்குக் காரணம் இருக்கு, அதுக்கு அப்புறம் வரேன்.

ராத்திரி ரூமுக்கு வந்து சட்டத்தைத் தோண்டினேன். நார்வேயில உறுப்பு மாற்றுக்குன்னு முதல் சட்டம் 1973-ல வந்தது. அதைத் தூக்கிட்டு 2015-ல புதுச் சட்டம் போட்டாங்க, 2016 ஜனவரி 1-ல இருந்து நடைமுறை. ரெண்டுலயும் அடிநாதம் ஒண்ணுதான். செத்தவர் உயிரோட இருந்தப்ப வேண்டாம்னு சொல்லலை, வேண்டாம்னு நினைச்சிருப்பார்னு காட்ட எதுவும் இல்லைன்னா உறுப்பை எடுக்கலாம். நம்ம பாஷையில மௌனம் சம்மதம். ஆனா கூடவே ஒரு வாசலையும் திறந்து வெச்சிருக்காங்க: நெருங்கிய உறவு மறுத்தா எடுக்கக் கூடாது. நடைமுறையில டாக்டருங்க ஒவ்வொரு தடவையும் குடும்பத்துகிட்ட உட்கார்ந்து பேசறாங்க. அரை நூற்றாண்டா கையில இருக்கிற அந்த "மௌனம் சம்மதம்" கத்தியை உறையை விட்டு எடுக்கிறதே இல்லைன்னு சொல்லலாம்.

புதுச் சட்டத்துல ஒரு நல்ல திருகல் இருக்கு. செத்தவரே சரின்னு சொல்லியிருந்தா, அப்புறம் குடும்பம் அதை மறுக்க முடியாது. டோனார் கார்டோட மதிப்பு அங்கதான். நான் கார்டுன்னா ஏதோ அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிற பத்திரம்னு நினைச்சிருந்தேன். இல்லை. அதுல நம்ம பேருக்குக் கீழே ரெண்டு பேரோட பேரும் போன் நம்பரும் கேட்கும். அந்த ரெண்டு பேர்கிட்ட நாம முன்னாடியே பேசியிருக்கணும். இப்ப போன்லயே அது ஒரு ஆப்பா வந்துடுச்சு. அவள் காட்டினாள்: அம்மா பேர், தம்பி பேர். "அப்பா பேரைக் காணோமே?"ன்னேன். "அவர் ஏற்கெனவே ஒண்ணு கொடுத்துட்டார், போதும்" என்றாள் :-)

சட்டத்தை மட்டும் நம்பினா என்ன ஆகும்கறதுக்கு பிரேசில் கதை நல்ல உதாரணம். 1997-ல அங்க இதே மாதிரி சட்டம் கொண்டு வந்தாங்க. ஏழை ஜனங்க மிரண்டு போயிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா சாகுறதுக்கு முன்னாடியே அறுத்துடுவாங்கன்னு பயம். அடையாள அட்டையில "தானம் செய்யாதவர்"னு பதிய வரிசை கட்டினாங்க. அடுத்த வருஷமே, 1998-ல, அரசாங்கம் அந்த ஏற்பாட்டை வாபஸ் வாங்கிடுச்சு. சிங்கப்பூர் இன்னொரு பக்கம். அங்க 1987-லயே சட்டம் வந்தாச்சு, வேண்டாம்னு எழுதிக் கொடுத்தவங்களுக்கு நாளைக்கு உறுப்பு தேவைப்பட்டா வரிசையில பின்னாடிதான் இடம். கறாரா நடத்துறாங்க. 2007-ல மூளைச்சாவு அடைஞ்ச ஒருத்தரோட குடும்பம் இன்னும் கொஞ்சம் பொறுங்கன்னு டாக்டர்கள் முன்னாடி மண்டியிட்டுக் கெஞ்சினது அங்க பெரிய செய்தி. சட்டம் யார் பக்கம்னு சொல்ல வேண்டியதில்லை. உறுப்பு தானத்துல உலகத்துக்கே முன்னாடி நிக்கிற ஸ்பெயின்லயும் 1979-ல இருந்து இதே சட்டம்தான். ஆனா அங்கேயும் குடும்பத்தைக் கேட்காம தொடுறதில்லை. அந்த ஊர் அமைப்பை 1989-ல கட்டி எழுப்பின ரஃபேல் மத்தேசான்ஸ், எங்க வெற்றிக்குக் காரணம் சட்டம் இல்லைன்னு திரும்பத் திரும்பச் சொன்னவர். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இதுக்குன்னே பயிற்சி பெற்ற டாக்டரைப் போட்டதைத்தான் அவர் காரணமா சொல்வார்.

சரி, "அப்புறம் வரேன்"னு சொன்னதுக்கு வரேன்.

குடும்பத்தைக் கேட்பாங்கன்னு அவள் சொன்னாளே, அந்தக் கேள்வியை என்னை ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்காங்க. 2018, ஆடி மாசம். எனக்குப் பதினெட்டு வயசு, இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம். பெரியம்மா பையன், என்னைவிட அஞ்சு வயசு மூத்த அண்ணன், பைக்ல போகும்போது லாரி அடிச்சிடுச்சு. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல இருந்தது. தனியார் ஆஸ்பத்திரி ஒண்ணுல சேர்த்தோம். மூணாவது நாள் மூளைச்சாவுன்னு சொன்னாங்க. நம்ம ஊர் சட்டப்படி நாலு டாக்டர்கள் பார்க்கணும், ஆறு மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை சோதிக்கணும். இதெல்லாம் இப்ப எனக்குத் தெரியும். அன்னிக்கு எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணனோட நெஞ்சு ஏறி இறங்கிக்கிட்டு இருந்தது. தொட்டா சூடா இருந்தான்.

அப்பத்தான் ஃபைலோட ஒரு பொண்ணு வந்து பெரியப்பா பக்கத்துல உட்கார்ந்தாங்க. மெதுவா, மரியாதையாத்தான் பேசினாங்க. உறுப்பு தானம்னு சொன்னாங்க. ஆனா பத்து நிமிஷத்துக்கு முன்னாடிதான் அதே வராந்தாவோட கோடியில இருந்த கவுண்டர்ல இன்னும் எண்பதாயிரம் கட்டணும்னு பெரியப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாங்க. பெரியப்பா அந்தப் பொண்ணைப் பார்த்தார், கவுண்டரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ படிச்சவன். நீ சொல்லுப்பா."

நான் மாடிப்படி ஓரமாப் போய் போன்ல தேடினேன். என்ன கிடைக்கும்? அந்த வருஷம்தான் தமிழ்நாட்டுல எடுக்கிற உறுப்புகள் உள்ளூர் ஆளைத் தாண்டி வெளிநாட்டுக்காரங்களுக்குப் போகுதுன்னு குற்றச்சாட்டு கிளம்பியிருந்தது. பாலக்காட்டுக்காரர் ஒருத்தரோட உறுப்புகளை ஆஸ்பத்திரி பில்லுக்குப் பதிலா எடுத்துக்கிட்டாங்கன்னு புகார் வந்து, கேரள முதல்வர் பினராயி விஜயன் நம்ம முதல்வருக்குக் கடிதம் எழுதினதும் அந்த வருஷம்தான். அதுக்கும் கீழே போனா பழைய கதை. கிட்னிவாக்கம்னு பேர் வாங்கின வில்லிவாக்கம். சுனாமிக்கு அப்புறம் கிட்னியை வித்த எர்ணாவூர் மீனவப் பெண்கள்.

கீழே இறங்கி வந்து "வேண்டாம் பெரியப்பா"ன்னேன். பெரியம்மா அந்த இரும்பு நாற்காலியில அண்ணனோட சட்டை இருந்த கவரை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. ஒண்ணும் பேசலை. அவங்களுக்கும் இஷ்டமில்லைன்னு நாங்க எடுத்துக்கிட்டோம். மறுநாள் ராத்திரி அண்ணனோட இதயம் தானா நின்னு போச்சு.

ஒண்ணைச் சொல்லிடறேன். அந்த ஆஸ்பத்திரி தப்பு பண்ணிச்சுன்னு சொல்ல என்கிட்ட ஒரு ஆதாரமும் கிடையாது. அந்தப் பொண்ணு தன் வேலையைச் செஞ்சாங்க, சட்டப்படி கேட்டே ஆகணும். கிட்னி விக்கிறது வேற, மூளைச்சாவு அடைஞ்சவர்கிட்ட இருந்து எடுக்கிறது வேற. முதலாவது உயிரோட இருக்கிற கடன்காரனை புரோக்கர் பிடிக்கிறது. ரெண்டாவது பதிவேட்டுல வரிசைப்படி போறது. பேப்பர்ல ரெண்டும் தனித்தனி. ஆனா எங்க வீட்டுல அன்னிக்கு அது தனித்தனி இல்லை. 2025-ல பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறித் தொழிலாளிகள் கடனுக்காகக் கிட்னி வித்த செய்தி வந்தப்ப அம்மா வாட்ஸ்அப்ல அதை எனக்கு அனுப்பி, கீழே ஒண்ணும் எழுதலை. "அன்னிக்கு நாம பண்ணது சரிதான்"னு அர்த்தம்னு நான் எடுத்துக்கிட்டேன். (பாருங்க, மறுபடியும் "எடுத்துக்கிட்டேன்".)

இத்தனைக்கும் இந்த விஷயத்துல இந்தியாவுக்கே வழிகாட்டினது தமிழ்நாடு. 2008 செப்டம்பர்ல திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரன், பதினஞ்சு வயசுப் பையன், விபத்துல மூளைச்சாவு அடைஞ்சப்ப அவனோட பெற்றோர் தானம் கொடுத்தாங்க. சென்னை டிராஃபிக்கை நிறுத்தி அவன் இதயத்தைப் பதினோரு நிமிஷத்துல கொண்டு போய் ஒரு சின்னப் பொண்ணுக்கு வெச்ச கதை தெரியாதவங்க இருக்க முடியாது. அரசாணைகள் வந்து பதிவேடு ஒழுங்கானதும் அந்த வருஷத்துலதான். 2023 செப்டம்பர்ல இருந்து தானம் கொடுத்தவங்களுக்கு அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு. 2024-ல மட்டும் 268 பேரோட குடும்பங்கள் சரின்னு சொல்லியிருக்கு, மாநிலத்துல அதுவரைக்கும் இல்லாத எண்ணிக்கை. இவ்வளவுக்கும் நம்ம சட்டம், குடும்பம் வாயைத் திறந்து சரின்னு சொன்னாத்தான் எடுக்கலாம்கற சட்டம். ஆனா ஹிதேந்திரன் கதையில நான் முன்னாடி கவனிக்காத ஒண்ணு: அவனோட அப்பா அம்மா ரெண்டு பேருமே டாக்டர்கள். மூளைச்சாவுன்னா என்ன, உள்ளே என்ன நடக்கும்னு அவங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கலை. எங்க பெரியப்பா மளிகைக்கடை வெச்சிருந்தவர். அவருக்குத் தெரிஞ்ச ஒரே டாக்குமெண்ட் பில்.

நார்வேயில சுமார் 55 லட்சம் ஜனம். வருஷத்துக்கு நூறு பேரை ஒட்டி செத்த பிறகு உறுப்பு கொடுக்கிறாங்க. ஏழரைக் கோடிப் பேருக்கு மேல இருக்கிற நம்ம 268-ஓட வெச்சுப் பார்த்துக்கங்க. இவங்க என்ன நம்மளைவிட நல்லவங்களா? ஒரு வருஷமா கூட இருக்கேன், அப்படியெல்லாம் இல்லை, கிச்சன்ல என் பாலைக் குடிச்சிட்டு ஒத்துக்கவே மாட்டாங்க. இங்கேயும் வேண்டாம்னு சொல்ற குடும்பங்கள் உண்டு, வரிசையில காத்திருந்து சாகிறவங்களும் உண்டு. ஆனா நான் பார்த்த வரைக்கும் ஒரு பெரிய வித்தியாசம். இங்க அந்த வராந்தாவோட கோடியில கவுண்டர் இல்லை. ஆஸ்பத்திரியில படுத்தா பில் கிடையாது. யாருக்கு உறுப்பு வைக்கிறாங்களோ அவங்களுக்கும் கிடையாது. நாடு முழுக்க எங்க எடுத்தாலும் உறுப்பு மாற்று நடக்கிறது ஒரே இடத்துல, ஒஸ்லோ ரிக்ஸ்ஹாஸ்பிட்டலேல. (எங்க யுனிவர்சிட்டி பக்கம்தான். 17, 18 ட்ராம் ரெண்டுக்கும் அதுதான் கடைசி ஸ்டாப்.) மூளைக்கு ரத்தம் போறது நின்னு போச்சுன்னு படம் எடுத்து உறுதி பண்றாங்க. செத்துட்டார்னு முடிவு பண்ற டாக்டர் உறுப்பு எடுக்கிற வேலையில கலந்துக்க முடியாது. ஸ்காண்டியாட்ரான்ஸ்ப்ளான்ட்னு 1969-ல இருந்து பக்கத்து நாடுகளோட பொதுவா ஒரு அமைப்பு இருக்கு, இங்க எடுத்த ஈரல் ஸ்வீடனுக்கோ டென்மார்க்குக்கோ போகலாம். வெளிநாட்டுக்காரனுக்கு வித்துட்டான்னு யாரும் சந்தேகப்படறதில்லை. வித்தாத்தானே சந்தேகம் வரும்.

அதனால, நம்ம ஊருக்கும் "மௌனம் சம்மதம்" சட்டம் கொண்டு வந்தா எல்லாம் சரியாயிடும்னு யாராவது சொன்னா, கொஞ்சம் பொறுங்கன்னுதான் நான் சொல்வேன். எங்களை மாதிரி வீட்டுல அது பிரேசில் ஆகிடும். முதல்ல அந்தக் கவுண்டரைத் தூரமா வைங்க. மூளைச்சாவுன்னு சொன்ன நிமிஷத்துல இருந்து குடும்பத்துகிட்ட ஒரு ரூபா கேட்கக் கூடாது, அதை அவங்க கேட்கிற மாதிரி முதல் வரியிலேயே சொல்லணும். பதினெட்டு வயசுப் பையன் போன்ல தேடிப் பதில் சொல்ற நிலைமையில எந்தக் குடும்பமும் இருக்கக் கூடாது.

ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டேன். சாப்பாடு, குளிர், தீசிஸ் எல்லாம் முடிஞ்சு, மெதுவா ஆரம்பிச்சேன். "அம்மா, இங்க ஒரு கார்டு..." சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசலை. எங்கம்மா குறுக்கே பேசாம இருக்கிறது சாதாரணமில்லை.

"இதுக்குத்தான் அங்க அனுப்பிச்சேனா? வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" வழக்கமான முதல் ரவுண்டு. ரெண்டாவது ரவுண்டு, "உடம்பை முழுசா அனுப்புவாங்களாடா?" தைச்சு, மரியாதையா, முழுசா அனுப்புவாங்கன்னேன். என் உடம்பைப் பத்தி நானே இப்படிப் பேசறது ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் லைன்ல மிக்ஸி சத்தம் மட்டும்.

"உங்க பெரியம்மா போன தீபாவளிக்கு வந்திருந்தப்ப ஒண்ணு சொன்னா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

"என்ன?"

"அன்னிக்கு அந்தப் பொண்ணு வந்து கேட்டப்ப, குடுத்துடலாம்னுதான் அவ மனசுல இருந்துச்சாம். எங்கேயாவது அவன் கண்ணு பார்த்துக்கிட்டு இருக்குமேன்னு. உன்னைக் கேட்டாங்க, உங்க பெரியப்பா சொன்னாரு, முடிஞ்சு போச்சு. என்னை யாரும் கேக்கலையேன்னா."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. ஏழு வருஷமா அந்த இரும்பு நாற்காலி, அந்தச் சட்டைக் கவர். அவங்க பேசாம இருந்ததை நாங்க மறுப்புன்னு கணக்குல எழுதிட்டோம். அன்னிக்கு என் பக்கத்துல ரெண்டடி தூரத்துலதான் இருந்தாங்க.

"நீ பெரியம்மாகிட்ட எதுவும் கேட்டுடாதே" என்றாள் அம்மா. சரின்னேன். அப்புறம் அவளே, "அந்தக் கார்டுல ரெண்டு பேர் எழுதணும்னியே. ஒண்ணு நான். இன்னொண்ணு யாரு?"

"இன்னும் எழுதலை."

"அவ பேரை எழுது. நான் சொல்லிக்கிறேன் அவகிட்ட." கொஞ்சம் விட்டு, கவலையா, "ஏண்டா, நார்வேக்காரன் போன் பண்ணா அவளுக்கு என்ன புரியும்? இங்கிலீஷே வராதே அவளுக்கு."

"இங்க ஆஸ்பத்திரியில மொழிபெயர்க்க ஆள் வைப்பாங்கம்மா. தமிழுக்கும் இருக்காங்க."

"தமிழ்னா யாரு, நம்ம ஊர்க்காரங்களா?"

"இங்க இருக்கிறவங்க பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரங்கம்மா."

அம்மா கொஞ்சம் யோசிச்சாள். "அவங்க பேசறது அவளுக்குப் புரியும்ல?"

"மெதுவா பேசச் சொல்லலாம்மா"ன்னேன். பெரியம்மா நம்பரை ரெண்டு தடவை சொல்லி, நான் திருப்பிச் சொல்றதைச் சரிபார்த்துட்டுத்தான் போனை வெச்சாள்.